"எது?" என்ற கேள்வி: மெய்நிகர் வெளியில் இருவர் கூடிய வரலாறு

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கலைக்கூடமொன்றில் 'மெட்டாப்ளே' என்றொரு காட்சி நடந்தது. அதை உருவாக்கியவர் மைரன் க்ரூகர் என்ற கணினி ஆய்வாளர். கூடத்துக்குள் நுழைபவரின் பிம்பம் வீடியோ கேமரா வழியே பெருந்திரையில் விழும். ஏறக்குறைய ஒரு மைல் தள்ளியிருந்த கணினி மையத்தில் ஒருவர் அமர்ந்து அப்பிம்பத்தின் மீது கோடுகள் வரைவார். வந்தவர் அக்கோடுகளோடு விளையாடுவார்.

அந்நாட்களில் இரு இடங்களுக்கும் இடையே தரவுகள் பிழையாகப் போய்க்கொண்டிருந்தன. கலைக்கூடத்தில் க்ரூகரும் கணினி மையத்தில் அவரது நண்பரும் பிழையைத் தேடினார்கள். அனுப்பிய அலைவடிவத்தையும் வந்துசேர்ந்த அலைவடிவத்தையும் சொல்லால் மட்டும் ஒப்பிட்டு மாளவில்லை. கேமராக்கள்தாம் இருக்கின்றனவே! இருவரும் தத்தம் பக்கத்து அலைவடிவத்தைக் கேமராவுக்குக் காட்டி, இரு படங்களும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி செய்தார்கள். இப்போது விரலால் சுட்டிச் சுட்டிப் பேச முடிந்தது. வேலை மளமளவென்று நகர்ந்தது. ஓர் இடத்தைக் காட்ட க்ரூகர் கையை நகர்த்தியபோது, அவரது கையின் பிம்பம் நண்பரது கையின் பிம்பத்தின்மேல் கணநேரம் படிந்தது. ஒரு மைலுக்கு அப்பாலிருந்த நண்பர் தம் கையைச் சட்டென்று விலக்கிக்கொண்டார்.

யாரும் யாரையும் தொடவில்லை. இருந்தும் பேருந்தில் அயலார்மீது கைபட்டுவிட்டால் நமக்கு நேரும் அதே அனிச்சைச் செயல் அங்கே நேர்ந்தது. தாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்த திரை ஓர் 'இடம்' ஆகிவிட்டது என்பதை க்ரூகர் கண்டுகொண்டார். 1970களின் நடுவில் அவர் தொடங்கிய 'வீடியோப்ளேஸ்', வெவ்வேறு அறைகளில் நிற்பவர்களின் நிழலுருவங்கள் ஒரே திரையில் கூடும் வெளி. அதன் விதை அந்த விலகிய கைதான்.

மெய்நிகர் வெளிகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது: எந்த ஆண்டில் எந்தத் தலைக்கவசம், எத்தனை புள்ளிகள், எவ்வளவு விலை என்று. அதனூடே இன்னொரு வரலாறு ஓடுகிறது. ஒரே வெளிக்குள் இருவர் இறங்கிவிட்டால் அவர்கள் எப்படிச் சுட்டுவது, எப்படிக் கைமாற்றுவது, ஒரு மேசையை எப்படிச் சேர்ந்து தூக்குவது, எவ்வளவு நெருங்கி நிற்பது என்ற கேள்விகளின் வரலாறு அது. ஆய்வாளர்கள் இவற்றை 'ஊடாட்ட உத்திகள்' என்று வறண்ட பெயரால் அழைக்கிறார்கள். உண்மையில் இவை கூடிவாழ்தலின் இலக்கணம். அந்த இலக்கணம் எழுதப்பட்ட விதம், மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் எதிர்பாராத சிலவற்றைச் சொல்கிறது.

*

இக்கதைக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. இரண்டும் 1968ஐச் சேர்ந்தவை.

முதலாவது ஐவன் ஸதர்லாண்டினுடையது. தலையில் மாட்டும் திரையொன்றை அவர் அவ்வாண்டு உலகுக்கு அறிவித்தார். கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கரமொன்று தலையின் அசைவை அளக்கும். அதற்கேற்பக் கண்முன் மிதக்கும் கோட்டுருவம் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். தலையைத் திருப்பினால் உலகம் திரும்பியது. வியத்தகு சாதனை. ஆனால் அந்த உலகில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

இரண்டாவது டக்ளஸ் எங்கல்பார்ட்டினுடையது. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடிய மாநாட்டில் 90 நிமிடம் அவர் தம் கணினி அமைப்பை இயக்கிக் காட்டினார். 'மவுஸ்' என்று இன்று நாம் அழைக்கும் சுட்டுக்கருவி பொதுமக்கள் முன் வந்தது அன்றுதான். நம் கதைக்கு முக்கியமானது அதன் பிற்பகுதி. சுமார் 30 மைல் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த அவரது சகா பில் பாக்ஸ்டன், திரையின் ஒரு மூலையில் முகமாகத் தோன்றினார். இருவர் முன்னும் ஒரே பக்கம். அதன்மேல் இருவருக்கும் ஒவ்வொரு சுட்டுப்புள்ளி. ஆனால் இரண்டும் சமமல்ல. பாக்ஸ்டனின் புள்ளி சுட்டிக்காட்ட மட்டுமே செய்யும். மாற்றி எழுதும் உரிமை எங்கல்பார்ட்டின் புள்ளிக்குத்தான். எங்கல்பார்ட்டே அதைப் புன்னகையோடு எடுத்துச் சொன்னார்.

இரண்டு பேர் ஒரு வெளிக்குள் வந்த முதல் நிமிடத்திலேயே 'யாருக்கு என்ன உரிமை' என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஸதர்லாண்டின் தனியுலகில் அக்கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

பின்வந்த இருபதாண்டுகளில் ஆய்வுலகின் கவனம் பெரும்பாலும் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவிலேயே குவிந்தது. 1980இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் செய்த புகழ்பெற்ற சோதனையில், நாற்காலியில் அமர்ந்தவர் பெருந்திரையைக் கையால் சுட்டி, 'அதை அங்கே வை' என்று வாயால் சொன்னால் கணினி அவ்வாறே வைத்தது. கையும் சொல்லும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும் என்பதை அது அழகாக நிறுவியது. ஆனால் அங்கே கேட்பவர் கணினி. சுட்டும் கை எந்தப் புள்ளியை நோக்குகிறது என்பது அதற்கு எண்களாகத் தெரியும். கேட்பவரும் மனிதரானால் என்னவாகும்? அதற்கான விடை கிடைக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

*

1980களின் நடுவில் லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தில் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் 'ஹாபிடாட்' என்ற உலகைக் கட்டினார்கள். கமடோர் 64 என்ற சிறிய வீட்டுக் கணினி, தொலைபேசிக் கம்பி, கேலிச்சித்திரம் போன்ற மனித உருவங்கள், அவ்வளவே மூலதனம். பயனரைக் குறிக்கும் திரையுருவத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'அவதார்'. வடமொழியிலிருந்து எடுத்த அச்சொல் இன்று உலகெங்கும் அப்பொருளிலேயே வழங்குகிறது.

அச்சொல்லின் பொருத்தம் தேர்ந்தவர்கள் எண்ணியதைவிட ஆழமானது என்று தோன்றுகிறது. அவதாரம் என்றால் இறங்குதல். இறங்குபவர் வரம்புகளையும் சேர்த்தே ஏற்கிறார். இராமனாக வந்தவன் மனைவியைக் காணாமல் காட்டில் அலைந்து அழவேண்டியிருந்தது. எங்கும் நிறைந்தவனுக்கு அவள் இருக்குமிடம் தெரியாமற்போனது. உடலெடுத்தல் என்பதே 'இங்கே இருக்கிறேன், ஆகவே அங்கே இல்லை' என்று ஒப்புக்கொள்வதுதான். பகிர்ந்த வெளிகளை வடிவமைத்தவர்கள் அடுத்த இருபதாண்டுகளில் கற்றுக்கொண்ட பாடமும் ஏறக்குறைய இதுவே.

ஹாபிடாட்டைக் கட்டியவர்கள் தங்கள் அனுபவத்தை 1990களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். இத்தகைய உலகைத் தீர்மானிப்பது அதைக் காட்டும் தொழில்நுட்பத்தைவிட அதற்குள் இருப்பவர்களின் உறவாடலே என்பது அதன் சாரம். ஆனால் அதே காலத்தில் பணமும் கவனமும் பாய்ந்தது காட்சியின் பக்கம். 1989இல் ஜாரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம் 'இருவருக்கான மெய்ம்மை' என்ற பொருள்படும் பெயருடன் ஓர் அமைப்பைக் காட்டியது. தலைத்திரையும் உணர்கையுறையும் அணிந்த இருவர் ஒரே மெய்நிகர் அறையில் சந்தித்தார்கள். 1992இல் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தார், சுவர்களே திரைகளான 'கேவ்' என்னும் அறையைக் காட்டினார்கள். அதற்குள் பலர் சேர்ந்து நிற்கலாம். ஆயினும் படம் ஒருவரது தலையின் நிலைக்கேற்பவே கணக்கிடப்பட்டது. மற்றவர்களுக்கு உருவங்கள் சற்றே சாய்ந்தும் நெளிந்தும் தெரிந்தன. ஒருவர் ஒரு மூலையைச் சுட்டினால் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அவ்விரல் வேறெங்கோ சுட்டியது.

இச்சிக்கலை 1997இல் ஸ்டான்ஃபோர்டில் மணீஷ் அகர்வாலாவும் அவரது குழுவினரும் ஒரு மேசைத்திரையில் தீர்த்துக் காட்டினார்கள். இரண்டு பேர், நான்கு கண்கள். ஆகவே நான்கு படங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய படம் மாறிமாறி மேசைமீது விழ, கண்ணாடிகள் அதற்கேற்பத் திறந்து மூடின. நொடிக்கு 144 படங்களை நான்காகப் பங்கிட்டதால் ஒவ்வொரு கண்ணுக்கும் 36தான் கிடைத்தது. காட்சியின் ஒளியும் சீர்மையும் குறைந்தன. ஆனால் மேசையின் இரு பக்கங்களில் நின்ற இருவரும் ஒரே இடத்தைத் தொட முடிந்தது. கண்ணுக்கான அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, எதிரில் நிற்பவரோடு ஒத்துப்போதலை வாங்கிய பேரம் அது. இக்கதையில் இத்தகைய பேரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

*

ஐரோப்பாவில் வேறொரு மரபு வளர்ந்தது. ஸ்வீடனின் கணினியியல் நிறுவனத்தில் 'டைவ்', இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 'மாஸிவ்' என இரு அமைப்புகள் 1990களின் முற்பாதியில் எழுந்தன. இவர்களுக்குக் காட்சியின் மினுமினுப்பில் அக்கறை குறைவு. சந்திப்பும் உரையாடலும்தான் ஆய்வுப்பொருள்.

1993இல் ஸ்டீவ் பென்ஃபோர்டும் லென்னார்ட் ஃபாலேனும் முன்வைத்த மாதிரி இன்றும் நினைவுகூரத் தக்கது. கூட்டமான ஒரு வெளியில் யார் யாருடைய பேச்சைக் கேட்பது? நான் யாரிடம் கவனம் செலுத்துகிறேன் என்பது ஒரு பாதி மட்டுமே என்றார்கள் அவர்கள். மற்றவர் தம்மை எவ்வளவு வெளிக்காட்டிக்கொள்கிறார் என்பது மறுபாதி. என் கவனத்தின் வட்டமும் அவரது வெளிப்பாட்டின் வட்டமும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அந்த அளவுக்கே அவரை நான் அறியவேண்டும். திருமண வீட்டில் நாமெல்லாம் கற்காமலே கையாளும் நாகரிகம் இது. எட்டத்தில் இருவர் தாழ்குரலில் பேசினால் காது கேட்டாலும் கேட்காததுபோல் இருக்கிறோம். அதை முதல்முறையாகக் கணக்கின் வடிவில் எழுதவேண்டியிருந்தது.

அவர்களது அவதாரங்கள் சில கட்டைகளை அடுக்கியதுபோல் இருந்தன. ஆனால் அக்கட்டைகளுக்குள் ஓர் அரிய நேர்மை இருந்தது. ஒலி கேட்கும் வசதியுள்ளவரின் உருவத்துக்குக் காதுகள் உண்டு. இல்லாதவருக்குக் காதுகள் இல்லை. சாதாரணத் தட்டைத்திரை வழியே பார்ப்பவருக்கு ஒற்றைக் கண். வெறும் எழுத்துத்திரையில் இருப்பவரின் தலைமீது, எழுத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'டி' பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தவுடனே எதிரிலிருப்பவருக்குப் புரிந்துவிடும்: இவரிடம் பேசினால் கேட்காது, தட்டச்சு செய்யவேண்டும். ஒருவரால் என்ன இயலாது என்பதை மறைக்காமல் உடலிலேயே எழுதிவைத்தார்கள். அழகான முகத்தோடு செவிடாக நிற்கும் உருவத்தைவிடக் காதில்லாத கட்டை மேலானது.

*

1998இல் வெளிவந்த ஓர் ஆய்வை இவ்வரலாற்றின் நடுக்கல் என்பேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜான் ஹிண்ட்மார்ஷ், கிறிஸ்டியன் ஹீத் ஆகியோரும் நாட்டிங்ஹாமின் மைக் ஃப்ரேஸர், பென்ஃபோர்ட், கிறிஸ் கிரீன்ஹால்க் ஆகியோரும் சேர்ந்து செய்தது. சோதனை மிக எளிது. இருவருக்கு ஒரு மெய்நிகர் அறை. அதில் சில தட்டுமுட்டுச் சாமான்கள். எதை எங்கே வைப்பது என்று கலந்துபேசி முடிவெடுக்கவேண்டும். இருவரின் நோக்கங்களும் முரண்படும்படி அமைக்கப்பட்டிருந்ததால் விவாதம் உறுதி.

நடந்தது என்ன? ஒருவர் ஒரு நாற்காலியைச் சுட்டி 'இதை எடுக்கலாமா?' என்பார். மற்றவர் 'எதை?' என்பார். திரையின் வழியே தெரியும் பார்வைக்கோணம் மிகக் குறுகியது. சுட்டுபவரின் உருவமும் சுட்டப்படும் பொருளும் ஒருசேரக் கண்ணில் படுவதே அரிது. ஆகவே கேட்பவர் முதலில் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று சுற்றிப் பார்த்துத் தேடவேண்டும். பிறகு அவர் கையைக் காணவேண்டும். பிறகு கை காட்டும் திசையில் மெதுவாகத் திரும்பவேண்டும். நாற்காலியை வந்தடையும்போது பேச்சு எங்கேயோ போயிருக்கும். அல்லது சுட்டிய கை இறங்கியிருக்கும். நேரில் கணப்பொழுதில் முடியும் செயல் அங்கே துண்டுதுண்டாகச் சிதறியது. இதைவிட வேதனையானது, சுட்டியவர் தம் செயல் மற்றவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்ததுதான். தாம் பார்ப்பதை அவரும் பார்க்கிறார் என்ற அந்த எண்ணம் நமக்கு மூச்சுபோல் இயல்பானது. அது பொய்த்ததை அறிய அங்கே வழியே இல்லை.

தமிழிலக்கணம் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்துகள் என்கிறது. இது அண்மைக்கு, அது சேய்மைக்கு, உது இரண்டுக்கும் நடுவே. தமிழகத்துப் பேச்சில் உகரச்சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் 'உது', 'உவன்', 'உங்கை' என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்பவருக்குப் பக்கத்தில் உள்ளதைக் குறிக்கவும் அது அங்கே பயன்படுகிறது. அதாவது, ஒரு சுட்டுச்சொல்லுக்குள் பொருள் இருக்கும் இடம் மட்டுமல்லாமல் பேசுபவரின் இடமும் கேட்பவரின் இடமும் சேர்ந்தே இருக்கின்றன. சோதனை அறையில் அற்றுப்போனது இந்தக் கணக்குதான். அங்கே இகரமும் அகரமும் இருந்தன. கேட்பவர் நிற்குமிடத்தை அறிந்து பேசும் உகரம் இல்லை.

இதற்கு அவர்கள் 1999இல் கண்ட தீர்வுகள் வியப்பானவை. ஒவ்வொருவரின் பார்வை எல்லையையும் வெளியில் கண்ணுக்குத் தெரியும் சட்டகமாக வரைந்தார்கள். அவர் எதைப் பார்க்கிறார், எது அவர் பார்வைக்கு வெளியே இருக்கிறது என்பது மற்றவருக்கு ஒரு நோக்கில் புலப்படும். ஒருவர் ஒரு பொருளைப் பிடித்தால் அவரது கை அறையின் குறுக்கே நீண்டு போய் அப்பொருளைத் தொடும். கையைக் கண்டவர் அதன்வழியே பொருளை அடையலாம். பொருளைக் கண்டவர் கையின்வழியே ஆளை அடையலாம். திரையின் ஓரங்களில் காட்சியைச் சுருக்கிக் காட்டி, கடைக்கண் பார்வையையும் ஓரளவு மீட்டார்கள்.

இவற்றில் ஒன்றுகூட இயற்கையில் இல்லை. எவர் கையும் அறையின் குறுக்கே நீள்வதில்லை; எவர் பார்வையும் ஒளிக்கோடாக வெளித்தெரிவதில்லை. மெய்போலத் தோன்றுவதைக் கைவிட்ட இடத்தில்தான் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். 1996இல் இவான் புபிரேவும் சகாக்களும் செய்த 'கோ-கோ' உத்தியிலும் கை நீளும். எட்டாத பொருளைத் தனியொருவர் எட்டிப் பிடிக்க அது உதவியது. ஃப்ரேஸர் குழுவின் நீளும் கைக்கு வேறு பயன். பிறர் காணவேண்டும் என்பதற்காகவே அது நீண்டது. 'என் கை எவ்வளவு தூரம் எட்டும்?' என்ற கேள்வியிலிருந்து 'நான் எட்டியதை நீ அறிவாயா?' என்ற கேள்விக்கு இத்துறை நகர்ந்துவிட்டது.

*

சுட்டுவதற்கு அடுத்தது சேர்ந்து தூக்குவது. பகிர்ந்த வெளியில் இருவர் ஒருவரையொருவர் காண்பது முதல்படி; ஆளுக்கொரு பொருளை மாற்றியமைப்பது இரண்டாம்படி; ஒரே பொருளை ஒரே நேரத்தில் இருவர் கையாள்வது மூன்றாம்படி என்று 1999இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மார்ஜரியும் துணைவரும் வகுத்தார்கள். மூன்றாம்படியில்தான் கணினி திணறியது. நான் இடப்புறம் இழுக்கிறேன், நீங்கள் வலப்புறம் இழுக்கிறீர்கள். பொருள் எப்பக்கம் போகவேண்டும்? நிஜ மேசைக்கு எடை உண்டு, விறைப்பு உண்டு. அதுவே தீர்ப்புச் சொல்லிவிடும். மெய்நிகர் மேசைக்குத் தீர்ப்பை ஒருவர் எழுதித் தரவேண்டும்.

2002இல் ராய் ரடிலும் சகாக்களும் இரண்டு தீர்ப்புகளைச் சோதித்தார்கள். பெரிய பொருளொன்றைக் குறுகலான வழியில் இருவர் சுமந்து செல்லவேண்டும். பியானோ தூக்குபவர்களின் பாடு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. முதல் விதியின்படி, இருவரும் ஒத்துச்செய்யும் அசைவு மட்டுமே செல்லும். இரண்டாம் விதியின்படி, இருவரது அசைவின் சராசரி செல்லும். எது சிறந்தது? இருவரும் ஒரேமாதிரி நகரவேண்டிய வழியில் முதல் விதி வென்றது. ஆளுக்கொரு விதமாகச் செயற்படவேண்டிய திருப்பத்தில் இரண்டாவது வென்றது. ஒருமித்த சம்மதம் எப்போதும் உயர்ந்தது என்றோ சமரசமே உயர்ந்தது என்றோ சொல்ல வழியில்லை. பாதை எப்படி வளைகிறது என்பதைப் பொறுத்தது.

அதே ஆண்டில் பின்யோ, பௌமன், ஃப்ரெய்டாஸ் மூவரும் வேறு வழி சொன்னார்கள்: உரிமையைப் பிரித்துக்கொள்ளலாம், ஒருவர் பொருளை நகர்த்தட்டும், மற்றவர் சுழற்றட்டும். 2006இல் ஜெர்மனியில் உருவான உத்தி இன்னும் நுட்பமானது. பொருளைப் பிடிக்கக் கையிலிருந்து ஓர் ஒளிக்கற்றை கிளம்பும். இருவர் ஒரே பொருளைப் பிடித்து வெவ்வேறு பக்கம் இழுத்தால் கற்றைகள் அறுவதில்லை, தூண்டிற்கோல்போல் வளைகின்றன. வளைவைக் கண்டதும் 'இன்னொருவரும் இழுக்கிறார், இவ்வளவு இழுக்கிறார்' என்று கண்ணே சொல்லிவிடும். எடையற்ற உலகில், மற்றவரின் விசையைக் கண்ணால் உணரச் செய்த ஏற்பாடு அது.

கண்ணால் மட்டும் போதுமா? 2000இல் பஸ்டோகன், ஹோ, மாண்டயம் ஸ்ரீனிவாசன், மெல் ஸ்லேட்டர் நால்வரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கம்பியில் கோத்த வளையத்தை, கம்பியில் இடிக்காமல் இருவர் சேர்ந்து நகர்த்தினார்கள். மற்றவரின் இழுப்பு கையில் உணரக் கிடைத்தபோது வேலை செம்மையானதோடு 'இன்னொருவரோடு இருக்கிறேன்' என்ற உணர்வும் கூடியது. 2002 அக்டோபர் 29ஆம் தேதி பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.யிலும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் இருந்தவர்கள், அட்லாண்டிக் பெருங்கடலை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மெய்நிகர் கனசதுரத்தை இரு பக்கமும் அழுத்திச் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர் தள்ளினால் மற்றவர் விரலில் தெரிந்தது. நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை விசையைப் புதுப்பித்தால்தான் விரல் அதைத் திடப்பொருள் என்று நம்பும். கடல் கடந்து வரும் செய்தியோ தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்துக்குள்ளும் இருவர் ஒருவர் பிடியை ஒருவர் நம்பித் தூக்கக் கற்றார்கள்.

*

இதுவரை சொன்னவற்றில் எல்லாரிடமும் ஒரே கருவி இருப்பதாக எண்ணிக்கொண்டோம். இல்லாதபோது என்னவாகும் என்பதை 1990களின் இறுதியில் ஆண்டனி ஸ்டீட், ஸ்லேட்டர் முதலியோர் செய்த ஆய்வு காட்டியது. முன்பின் அறியாத மூவர் ஒரு மெய்நிகர் அறையில் கூடிப் புதிர்களை விடுவிக்கவேண்டும். ஒருவருக்குத் தலைத்திரை, மற்ற இருவருக்கும் சாதாரண மேசைத்திரை. தலைத்திரை அணிந்தவரே தலைவராக எழுந்தார். பிறகு அதே மூவர் நேரில் சந்தித்து வேலையைத் தொடர்ந்தபோது அந்தத் தலைமை காணாமற்போனது. திறமையோ குணமோ தராத அதிகாரத்தைக் கருவி தந்திருந்தது. அங்கிருந்த உருவங்கள் மிக எளியவை. அப்படியிருந்தும் கூச்சமும் சங்கடமும் நேரில் போலவே எழுந்தன என்பதும் ஆய்வில் தெரிந்தது.

2001இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கையும் லண்டனையும் இணைத்து நடந்த சோதனை இதற்கு மறுபக்கம். எட்டுக் கட்டைகளை அடுக்கி நிறம் சேர்க்கும் விளையாட்டை, இரு நகரங்களிலும் சுவர்த்திரை அறைகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய நேரில் செய்வதுபோலவே செய்து முடித்தார்கள். ஒருவர் மட்டும் மேசைத்திரையில் இருந்தபோது இணக்கம் வெகுவாகக் குறைந்தது. தொலைவைவிடச் சமமின்மையே பெரிய தடை என்பது இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் செய்தி. எங்கல்பார்ட் 1968இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்ட மேலுரிமையை, பின்னாளைய கருவிகள் சொல்லாமலே சிலருக்குக் கொடுத்தன. காதற்ற கட்டையுருவங்களின் நேர்மை மறக்கப்பட்டதன் விலை இது.

மறக்கப்பட்டது அது மட்டுமன்று. 1993இல் 'லாம்ப்டாமூ' என்னும் எழுத்தாலான உலகில் ஒரு பயனர், பிறரின் பாத்திரங்கள் தாமே விரும்பிச் செய்வதுபோல் இழிசெயல்களை வாக்கியங்களாக எழுதி எல்லார் திரையிலும் ஓடவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் வேதனை நிஜமாக இருந்தது. ஜூலியன் டிபெல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2016இல், வில்வித்தை விளையாட்டொன்றில் ஒரு பெண்ணின் மெய்நிகர் உடலை இன்னொருவர் தகாத முறையில் தொட்டதாக அப்பெண் புனைபெயரில் எழுதினார். அவ்விளையாட்டை உருவாக்கியவர்கள் வெளிப்படையாக வருந்தினார்கள். பிறர் கை வந்து ஒருவரது கண்ணை மறைக்காதிருக்க, முகத்தருகே வரும் கைகளை மறையச்செய்யும் ஏற்பாட்டை அவர்கள் முன்பே செய்திருந்தார்கள். உடலின் மற்ற பகுதிக்கும் அது வேண்டுமென்று தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டு, பின் அதை விரிவாக்கினார்கள். பார்வை தடைபடுவது பிழையாகத் தெரிந்தது. ஒரு பெண் நிற்கும் இடம் தடைபடுவது பிழையாகத் தெரியவில்லை.

2022 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் தன் மெய்நிகர் உலகங்களில் அவதாரங்களுக்கு இடையே சுமார் 4 அடி இடைவெளியை இயல்பு ஏற்பாடாக்கியது. அன்று யாரும் அதற்குமேல் நெருங்க முடியாதிருந்தது. தேவையான பாதுகாப்புதான். ஆனால் இதில் ஒரு துயரமும் இருக்கிறது. 1970இல் க்ரூகரின் நண்பர் எந்த விதியும் இல்லாமல், எவரும் சொல்லாமல், தம் கையைத் தாமே விலக்கிக்கொண்டார். அந்த விலகலை அரைநூற்றாண்டுக்குப் பின் நிரலாக எழுதவேண்டி வந்துவிட்டது. முகமறியாதவர்கள் இலட்சக்கணக்கில் கூடும் இடத்தில் அந்தக் கூச்சம் தானாக எழும் என்று நம்பியிருக்க முடியாதுதான்.

*

இத்தகைய உலகங்கள் நெடுங்காலம் வாழ்வதில்லை. 2015 முதல் பலர் கூடிய ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொஸில்லாவின் ஹப்ஸ் சேவை 2024 மே மாதத்தோடு நின்றது. உலகங்கள் அழிந்தாலும் இலக்கணம் தங்கிவிடுகிறது. இன்று இணையத்தில் ஓர் ஆவணத்தை நான்கு பேர் சேர்ந்து திருத்துகையில், ஒவ்வொருவரின் சுட்டுப்புள்ளியும் தனி நிறத்தில், தன் பெயரைத் தாங்கி நகர்கிறது. யார் எந்த வரியில் நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரிகிறது. கட்டையுருவங்களின் காதுகளும், அறையின் குறுக்கே நீண்ட கைகளும், வளைந்த ஒளிக்கற்றைகளும் அந்தச் சின்னஞ்சிறு பெயர்ப்பட்டைக்குள் உறங்குகின்றன.

என் நண்பர் ஒருவர் வேறு நாட்டில் இருக்கிறார். ஒரு கட்டுரையை நாங்கள் இருவரும் அப்படித் திருத்திக்கொண்டிருந்தபோது, நான் மாற்ற நினைத்த சொல்லுக்கு அவரது புள்ளி முந்திக்கொண்டு வந்துவிட்டது. நான் சற்றே பின்வாங்கி அடுத்த வரிக்குப் போனேன். அதே கணத்தில் அவரும் முந்தின வரிக்குப் போயிருந்தார். நடுவில் அந்தச் சொல் திருத்தப்படாமலே நின்றது. இருவரும் ஒரே நேரத்தில், 'நீங்கள் பாருங்கள்' என்று தட்டச்சு செய்தோம்.